இலையில் சர்க்கரை குறைவு, குழாயில் அதிகம்: அப்புறம் எப்படி உள்ளே ஏறுது?

மேடவாக்கம் மாடித்தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். பையன் பதினொண்ணாம் வகுப்பு. தாவரவியல்ல ஃபுளோயம் (இலையில செஞ்ச சர்க்கரையை மத்த பாகங்களுக்குக் கொண்டுபோற திசு) பகுதியை ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சிட்டிருக்கோம். டியூஷன் நோட்ஸ்ல இருக்கறது இவ்வளவுதான்: "ஏடிபி ஆற்றலால் சுக்ரோஸ் சல்லடைக்குழாய்க்குள் தள்ளப்படுகிறது, பின்னாலேயே நீர் வருகிறது, அழுத்தம் உண்டாகிறது, சாறு வேர்ப்பக்கம் நகர்கிறது." ஏடிபின்னா செல்லுக்கு ஆற்றல் தர்ற மூலக்கூறு, சல்லடைக்குழாய்னா ஃபுளோயத்துல சாறு ஓடற குழாய், அது வரைக்கும் தெரியும். அழுத்தம் வந்த பிறகு நகர்றது புரியுது. முதல் வரிதான் புரியல. இலைச் செல்லை விடக் குழாய்க்குள்ள சர்க்கரை அதிகம்னு புத்தகமே சொல்லுது. கம்மியா இருக்கற இடத்துலேர்ந்து நிறைய இருக்கற இடத்துக்கு அது எப்படிப் போகும்? ஏடிபி சரியா எந்த இடத்துல செலவாகுது? மாடியில புடலை, மிளகாய், அவரை வெச்சிருக்கேன். எல்லாத்துலயும் இதே முறைதானான்னும் யாராவது சொல்லுங்க.

தாம்பரம் டீச்சர்:
சகோதரி, அந்த நோட்ஸ் வரியில் "ஏடிபி சுக்ரோஸைத் தள்ளுகிறது" என்பதை அடித்துவிடச் சொல்லுங்கள். ஏடிபி சுக்ரோஸைத் தொடுவதே இல்லை.

வரிசையாகச் சொல்கிறேன். இலையிடைத்திசுச் செல்லின் (ஒளிச்சேர்க்கை நடக்கும் இலைச் செல்) சைட்டோபிளாசத்தில் சுக்ரோஸ் உருவாகிறது. பசுங்கணிகம் தருவது மூன்று கார்பன் சர்க்கரை பாஸ்பேட்தான். அது வெளியே வந்த பிறகே சுக்ரோஸ் ஆகிறது. அங்கிருந்து பிளாஸ்மோடெஸ்மேட்டா (செல்களை இணைக்கும் நுண்துளைகள்) வழியாகச் செல் செல்லாகக் கடந்து, நரம்பை ஒட்டிய ஃபுளோயம் பாரன்கைமா செல் வரை போகிறது. அதுவரை எந்தச் செலவும் இல்லை. அந்தச் செல்லின் சவ்வில் இருக்கும் ஸ்வீட் என்னும் புரதங்கள் சுக்ரோஸை வெளியே, செல்சுவர் இடைவெளிக்கு விடுகின்றன. அதற்கும் ஆற்றல் வேண்டாம். செறிவு சரிகிற திசையில்தான் அது போகிறது.

இனிமேல்தான் ஏற்றம். சல்லடைக்குழாயை ஒட்டியிருக்கும் துணைச்செல்லின் பிளாஸ்மா சவ்வில் புரோட்டான் பம்ப் இருக்கிறது. ஏடிபியை உடைப்பது அது. அந்த ஆற்றலில் ஹைட்ரஜன் அயனிகளை (அவைதான் புரோட்டான்கள்) செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. இதனால் வெளியே பிஎச் 5-6 அளவில் அமிலமாகவும், உள்ளே 7-க்கு மேலும் இருக்கும். உட்புறம் எதிர்மின்னூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆக, வெளியே போன புரோட்டானை உள்ளே இழுக்க இரண்டு காரணங்கள். அது திரும்பி வரும் வழிகளில் ஒன்று சுக்ரோஸ்-புரோட்டான் இணைகடத்தி. அந்த வழியாக வரும் ஒவ்வொரு புரோட்டானும் ஒரு சுக்ரோஸைக் கூட்டிக்கொண்டுதான் வர முடியும். துணைச்செல்லுக்குள் வந்த சுக்ரோஸ், பக்கத்துச் சல்லடைக்குழாய்க்குள் பிளாஸ்மோடெஸ்மேட்டா வழியாகப் போய்விடும்.

தேர்வில் "இரண்டாம் நிலை செயல்மிகு கடத்தல்" என்று எழுதச் சொல்லுங்கள். பம்ப் செய்வது முதல் நிலை, இணைகடத்தி செய்வது இரண்டாம் நிலை.

நீட் ரெண்டாவது தடவை:
மேடம் நான் புரிஞ்சுக்கிட்டது சரியா பாருங்க. அபார்ட்மென்ட்ல மோட்டார் ஓடி தண்ணி மேல்தொட்டிக்குப் போகுது. கரண்ட் செலவு அங்க மட்டும்தான். அப்புறம் தண்ணி தானா கீழ விழுற வேகத்துல ஒரு வேலைய வாங்கிக்கறோம். மோட்டார் புரோட்டான் பம்ப், விழுற தண்ணி புரோட்டான், அது செய்யற வேலை சுக்ரோஸ் ஏத்தறது. சரியா?

தாம்பரம் டீச்சர்:
சரி தம்பி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தலாம், பல மணி நேரம் தாங்கும். இங்கே சேமிப்பு மிகக் குறைவு. பம்ப் நின்றால் புரோட்டான் வேறுபாடு சீக்கிரமே கரைந்துவிடும். துணைச்செல்லில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக இருப்பது அதனால்தான். முதிர்ந்த சல்லடைக்குழாய்க்கு உட்கருவும் இல்லை, வாக்குவோலும் இல்லை, ரைபோசோமும் இல்லை. அதன் பிழைப்பே துணைச்செல்லை நம்பித்தான்.

வேளச்சேரி இயற்பியல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பம்ப் எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை. பகல் முழுக்க இலை சர்க்கரை செய்கிறது. வேர், காய், கிழங்கு எல்லாம் அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. செய்யும் இடத்தில் செறிவு அதிகம், தின்னும் இடத்தில் குறைவு. அப்படியானால் அழுத்தம் தானாகவே வரும், சாறு தானாகவே ஓடும். 1930-ல் எர்ன்ஸ்ட் முன்ச் இந்தக் கருத்தைச் சொன்னபோது அவருக்குப் பம்ப் எதுவும் தேவைப்படவில்லை. நடுவில் ஏன் ஒரு மேட்டைக் கட்டி, அதில் ஏற ஆற்றலையும் செலவழிக்க வேண்டும்?

கிண்டி ஆய்வகம்:
நல்ல கேள்வி சார். இதுக்காகத்தான் நான் உள்ளே வந்தேன். (தாவர உடலியல்ல பிஎச்டி பண்றேன், இது என் தலைப்புக்குப் பக்கத்துத் தலைப்பு.)

மேடு இருக்கா இல்லையாங்கறதை அளந்தே பார்த்திருக்காங்க. சர்க்கரைப் பீட்ரூட் இலையில 1973-ல கைகர் குழு அளந்தப்போ இலையிடைத்திசுச் செல்கள்ல சவ்வூடுபரவல் அழுத்தம் சுமார் 13 பார். அதே இலையில சல்லடைக்குழாய்-துணைச்செல் கூட்டத்துல சுமார் 30 பார். ரெண்டு மடங்குக்கும் மேல. செறிவு வித்தியாசத்தால மட்டும் இப்படி ஒரு ஏத்தம் வராது.

ஏன் மேடு கட்டணும்ங்கறதுக்கு என் பதில்: மேடு இல்லாம குழாயில 30 பார் வேணும்னா இலை முழுக்கவே 30 பார் அளவுக்குச் சர்க்கரையை நிரப்பி வெச்சிருக்கணும். இலையோட அத்தனை செல்லுக்குள்ளயும் விக்க வேண்டிய சரக்கு தேங்கிக் கிடக்கும். அவ்வளவு கார்பனும் புது இலை விட, வேர் விடப் போயிருக்கலாம். வேகமா வளர்ற சிறு செடிகளுக்கு இது பெரிய நஷ்டம். நரம்புப் பக்கத்துல மட்டும் செறிவை ஏத்திட்டா மத்த இலையில சர்க்கரை கம்மியா இருந்தாலே போதும்.

ஆனா முன்ச் சொன்னதும் பொய் இல்ல சார். வில்லோ, பாப்லர் மாதிரி பல மரங்கள்ல அப்படித்தான் நடக்குது. இலையிடைத்திசுவுலயே செறிவு அதிகம், நரம்பு வரைக்கும் சரிவுதான், பம்ப் தேவையில்ல. 1998-ல டர்ஜனும் மெட்வில்லும் வில்லோவுல இதைக் காட்டினாங்க. முன்ச் அடிப்படையில காட்டு மரங்களைப் படிச்சவர், அவர் கண்ணுக்கு மரம்தானே தெரியும். ஆப்பிள் மரமும் இந்த வகைதான். அதுல ஓடறதுல பெரும்பங்கு சுக்ரோஸ்கூட இல்ல, சார்பிட்டால்ங்கற சர்க்கரை ஆல்கஹால்.

வேளச்சேரி இயற்பியல்:
இதை ஏற்கிறேன். அப்படியே ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். டீச்சர் சொன்ன எண்களின்படி பிஎச் வேறுபாடு சுமார் 2. அறை வெப்பநிலையில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட் வீதம் 118 மில்லிவோல்ட் ஆகிறது. சவ்வின் மின்னழுத்தம் 120 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் கிட்டத்தட்ட 240. இதை 59-ஆல் வகுத்தால் 4. அதாவது ஒரு புரோட்டானுக்கு ஒரு சுக்ரோஸ் என்ற கணக்கில், 10-இன் 4-ஆம் அடுக்கு, 10,000 மடங்கு செறிவு வேறுபாட்டுக்கு எதிராகக்கூட ஏற்ற முடியும். இவ்வளவு வலிமை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. கணக்கு சரியா?

கிண்டி ஆய்வகம்:
சரியான கணக்கு சார். ஆனா அது உச்ச வரம்பு. இணைகடத்தி அந்தச் சமநிலை வரைக்கும் போய் நிக்கறதில்ல, புரோட்டான் வேற வழிகள்லயும் உள்ள வரும். சல்லடைக்குழாய்ச் சாறுல சுக்ரோஸ் பொதுவா அரை மோலார்லேர்ந்து ஒரு மோலாருக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் இருக்கும். செல்சுவர் இடைவெளியில இருக்கறது மில்லிமோலார் அளவுதான். அந்த வித்தியாசத்தைத் தாங்கறதுக்கு உங்க 10,000 மடங்கு வேண்டியதுக்கும் மேலயே இருக்கு.

இந்த இணைகடத்தியைக் கண்டுபிடிச்ச விதத்தைச் சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1992-ல ரீஸ்மையர், வில்மிட்சர், ஃப்ரோமர் மூணு பேரும் ஈஸ்ட்டை எடுத்தாங்க. சாதாரண ஈஸ்ட் சுக்ரோஸை வெளியிலயே உடைச்சு, உடைஞ்சு வந்த சர்க்கரையைத்தான் உள்ள எடுக்கும். அந்த உடைக்கிற நொதி இல்லாத ஈஸ்ட்டை எடுத்து, சுக்ரோஸ் உள்ள வந்தா மட்டும் அதை உடைக்கிற மாதிரி ஒரு தாவர நொதியைச் சேர்த்தாங்க. இப்போ இந்த ஈஸ்ட்டுக்குச் சுக்ரோஸ் மட்டும் கொடுத்தா வளராது, முழு சுக்ரோஸ் உள்ள வர வழியே இல்ல. அதுக்குள்ள பசலைக்கீரையோட மரபணுக்களைத் துண்டு துண்டா அனுப்பினாங்க. எந்த ஈஸ்ட் சுக்ரோஸ்ல வளர்ந்துச்சோ, அதுக்குள்ள போன துண்டுதான் கடத்தியோட மரபணு. எஸ்யூடி1 கிடைச்சது அப்படித்தான். இலையைக் கிழிச்சுத் தேடாம, பசியோட இருக்கற ஒரு நுண்ணுயிரை வெச்சே தேட வெச்சாங்க!

அடுத்து, உருளைக்கிழங்குல அதே மரபணுவை அடக்கிப் பார்த்தாங்க (1994). இலையில சர்க்கரையும் ஸ்டார்ச்சும் தேங்கிப்போச்சு, கிழங்கு குறைஞ்சுபோச்சு. அராபிடாப்சிஸ்ங்கற ஆய்வகச் சிறு செடியில எஸ்யூசி2 (இதே வேலை செய்யற கடத்தி) இல்லாதது குட்டையாவே நின்னுபோச்சு.

அப்புறமும் ஒரு ஓட்டை பாக்கி இருந்துச்சு. செல்சுவர் இடைவெளியிலேர்ந்து உள்ள போறது தெரிஞ்சாச்சு. அந்த இடைவெளிக்குச் சுக்ரோஸ் எப்படி வந்துச்சு? பதில் கிடைக்க 2012 வரை ஆச்சு. லி-சிங் சென், ஃப்ரோமர் குழு அராபிடாப்சிஸ்ல ஸ்வீட்11, ஸ்வீட்12 ரெண்டையும் எடுத்துட்டா இலையில சர்க்கரை தேங்குதுன்னு காட்டினாங்க. உள்ள போற கதவைக் கண்டுபிடிச்ச அதே ஃப்ரோமர், 20 வருஷம் கழிச்சு வெளிய வர்ற கதவையும் கண்டுபிடிச்ச குழுவுல.

மேடவாக்கம் மாடித்தோட்டம்:
தம்பி, ஈஸ்ட் விஷயத்தைப் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை கேட்டான். என் புடலை கேள்வி பாக்கி இருக்கே?

தாம்பரம் டீச்சர்:
புடலைக்கு நான் சொல்கிறேன். பூசணி, வெள்ளரி, முலாம்பழம் ஆகிய பூசணிக் குடும்பச் செடிகளில் வேறொரு முறை இருக்கிறது, புடலையும் அந்தக் குடும்பம்தான். அங்கே சிறு நரம்புகளின் துணைச்செல்கள் தனி வகை. இலையிடைத்திசுப் பக்கத்திலிருந்து அவற்றுக்குள் ஏராளமான பிளாஸ்மோடெஸ்மேட்டா திறக்கின்றன. சுக்ரோஸ் சவ்வைத் தாண்டி வெளியே வராமல் நேராக உள்ளே போகிறது. உள்ளே போனதும் அதோடு கேலக்டோஸ் சேர்க்கப்பட்டு ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிறது. முன்னது மூன்று சர்க்கரை, பின்னது நான்கு சர்க்கரை கோத்தது. உருவம் பெரிதாகிவிட்டதால் வந்த குறுகிய துளை வழியே திரும்பிப் போக முடியாது. சல்லடைக்குழாய்ப் பக்கத்துத் துளைகள் அகலம், அங்கே மட்டும் போகலாம். உள்ளே சுக்ரோஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அதன் செறிவு குறைந்தே இருக்கும், புதுச் சுக்ரோஸ் வந்துகொண்டே இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டர்ஜன் முன்வைத்த விளக்கம் இது.

இங்கேயும் ஆற்றல் செலவு உண்டு. பெரிய சர்க்கரையைக் கட்டுவதில் செலவாகிறது, புரோட்டான் பம்பில் அல்ல. நம் பாடப்புத்தகம் இந்த வகைக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

மிளகாய் உருளைக்கிழங்கு, புகையிலை, தக்காளி குடும்பம். அங்கே புரோட்டான் வழி. அவரை வகையிலும் அதே. பட்டாணியில் துணைச்செல்லின் சுவர் உள்பக்கமாக விரல் விரலாக மடிந்திருக்கும், அதனால் சவ்வின் பரப்பு கூடி நிறையக் கடத்திகளுக்கு இடம் கிடைக்கிறது.

நங்கநல்லூர் வேளாண் (ஓய்வு):
அருமையான உரையாடல். வேளாண் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் வயலோடு இது எங்கே சேர்கிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மெக்னீசியம். புரோட்டான் பம்ப் வெறும் ஏடிபியை எடுத்துக்கொள்வதில்லை, மெக்னீசியம் சேர்ந்த ஏடிபியைத்தான் எடுத்துக்கொள்ளும். மெக்னீசியம் குறைந்தால் இலை மஞ்சளாவதற்கு முன்பே இலையில் சர்க்கரை தேங்கத் தொடங்கிவிடும், வேர் பட்டினி கிடக்கும். அவரைக் குடும்பத்துப் பீன்ஸ் செடிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. நரம்பு பச்சையாகவும் இடையே மஞ்சளாகவும் முதிர்ந்த இலைகள் தெரியும்போது, உள்ளே பாதிப்பு தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருக்கும். தொட்டிச் செடிகளில் தினமும் தண்ணீர் வழிந்தோட விட்டால் மெக்னீசியமும் கரைந்து போகும். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம்.

சாம்பல் சத்தும் இதில் சேர்ந்ததே. பொட்டாசியம் இல்லாமல் ஏற்றம் தளரும். ஆனால் காய் பெருக்க வேண்டும் என்று பொட்டாஷை அள்ளிப் போடுபவர்கள் கவனிக்கவும்: மிகையான பொட்டாசியம், வேர் மெக்னீசியத்தை எடுப்பதைத் தடுக்கும்.

அடுத்தது நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல். அந்தக் கிருமி, கிண்டி ஆய்வகத் தம்பி சொன்ன அதே ஸ்வீட் மரபணுக்களைத் தன் வசதிக்குத் திறந்துகொள்கிறது. தன் புரதத்தை நெல் செல்லுக்குள் செலுத்தி, ஸ்வீட் மரபணுவின் முன்பகுதியில் அதை உட்கார வைக்கிறது. மரபணு முடுக்கிவிடப்படுகிறது, சர்க்கரை கிருமி இருக்கும் இடத்துக்குக் கசிகிறது. அந்த முன்பகுதி மாறியிருக்கும் நெல்லில் கிருமிக்குப் பிடி கிடைப்பதில்லை. எக்ஸ்ஏ13 என்று நாம் சொல்லும் எதிர்ப்பு மரபணு அதுதான், ஸ்வீட்11-இன் மாறிய வடிவம். சம்பா மசூரியில் (பிபிடி 5204) அதோடு எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ21 ஆகியவற்றையும் சேர்த்து, ஹைதராபாத்தில் உருவாக்கிய மேம்படுத்திய ரகம் 2008-ல் வெளியானது. இலைக்கருகலுக்கு மருந்து தெளிப்பதைவிட ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்று நான் அந்நாளிலிருந்து சொல்லி வருகிறேன்.

கிண்டி ஆய்வகம்:
ஐயா சொன்னதோட ஒரு தொடர்ச்சி. 2019-ல ஸ்வீட்11, 13, 14 மூணோட முன்பகுதியையும் மரபணுத் திருத்தத்தால மாத்தி, ஐஆர்64 நெல்லுக்குப் பரவலான எதிர்ப்பு கொண்டுவந்தாங்க. மரபணுவைத் தூக்கி எறியல, கிருமி பிடிக்கற இடத்தை மட்டும் மாத்தினாங்க.

பனங்காடு:
நான் தூத்துக்குடிப் பக்கம், இப்போ கேளம்பாக்கத்துல இருக்கேன். எங்க தாத்தா பனையேறி. பதநீர் இந்தச் சாறுதானா? ஈசிஆர் ரோட்டுல வெயில் காலத்துல விக்கிறதப் பார்க்கிறப்பல்லாம் யோசிப்பேன், ஒரு பாளையிலேர்ந்து மாசக்கணக்குல எப்படி வடியுதுன்னு. வேற மரத்துல பட்டையக் கீறினா ரெண்டு சொட்டோட நின்னுபோவுதே.

தாம்பரம் டீச்சர்:
ஆமாம், பதநீர் ஃபுளோயம் சாறுதான். சுமார் 10 முதல் 12 சதவீதம் சுக்ரோஸ். பூக்களுக்கும் காய்களுக்கும் போக வேண்டிய சர்க்கரை பாளையை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது, பனையேறி அதை வழிமறித்து வாங்குகிறார்.

மற்ற செடிகளில் சல்லடைக்குழாயை வெட்டியதும் உள்ளே இருக்கும் புரதம் சல்லடைத் தட்டில் போய் அடைத்துக்கொள்ளும், பிறகு கேலோஸ் என்னும் பல்சர்க்கரைப் பொருள் படிந்து மூடும். அழுத்தத்தில் ஓடும் சாறு என்பதால் அடைப்பு இல்லையென்றால் செடி வீணாகச் சர்க்கரையை இழந்துவிடும். உங்கள் தாத்தா பாளையை இடுக்கி நசுக்கியதும், நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவியதும் அந்த அடைப்பை மீறத்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது சாறு புளிக்காமலிருக்க.

பனைக்கு இன்னொரு சிறப்பு. மா, வேம்புக்கு இருப்பதுபோல ஆண்டுதோறும் புது ஃபுளோயம் தரும் வளர்திசு அதற்குக் கிடையாது. அதனால் தண்டிலுள்ள சல்லடைக்குழாய்கள் பல பத்தாண்டுகள் உயிரோடு வேலை செய்கின்றன. உட்கரு இல்லாத ஒரு செல் அத்தனை காலம் வாழ்வதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நீட் ரெண்டாவது தடவை:
ரெண்டு டவுட். ஒண்ணு, சாற்றுல சுக்ரோஸ் இவ்வளவு இருக்குன்னு எப்படி எடுத்துப் பார்த்தாங்க, வெட்டினா அடைச்சுக்குமே? ரெண்டு, ராத்திரி ஒளிச்சேர்க்கை இல்ல. அப்போ ஏற்றம் நின்னுடுமா?

கிண்டி ஆய்வகம்:
முதல் டவுட்டுக்கு அசுவினி. அது ஊசி மாதிரி வாயை ஒரே ஒரு சல்லடைக்குழாய்க்குள்ள அடைப்பு வராத மாதிரி செருகும். குடிச்சிட்டிருக்கறப்பவே பூச்சியை வெட்டி எடுத்துட்டு வாயை மட்டும் விட்டா, அதோட முனையிலேர்ந்து சாறு தானா சொட்டும். 1953-ல கென்னடியும் மிட்லரும் செஞ்சது. உறிஞ்சாமலே வர்றதால உள்ள அழுத்தம் இருக்குங்கறதுக்கும் இதுவே சாட்சி. அவரைக் கொடியில அசுவினி வந்தா கீழ் இலையெல்லாம் பிசுபிசுன்னு ஆகி எறும்பு வருதே, அதுவும் இதே சாறுதான். சர்க்கரை ஏகத்துக்கு, அமினோ அமிலம் கொஞ்சம். அமினோ அமிலத்துக்காக நிறையக் குடிச்சு, மிச்சச் சர்க்கரையை வெளிய விடுது.

ரெண்டாவது: நிக்காது. பகல்ல செஞ்சதுல ஒரு பங்கைப் பசுங்கணிகம் ஸ்டார்ச்சா வெச்சுக்கும். ராத்திரி அது உடைஞ்சு மால்டோஸாவும் குளுக்கோஸாவும் வெளிய வந்து சுக்ரோஸாகும், வழக்கம்போல ஏறும். பம்புக்கு வேண்டிய ஏடிபி மைட்டோகாண்ட்ரியாவுலேர்ந்து வருது, வெளிச்சம் தேவையில்ல. அராபிடாப்சிஸ்ல இன்னொண்ணும் பார்த்திருக்காங்க: ராத்திரி எவ்வளவு நீளமோ அதுக்குத் தகுந்த வேகத்துல ஸ்டார்ச் கரையுது, விடியும்போது கிட்டத்தட்ட தீர்ந்திருக்கும்.

மேடவாக்கம் மாடித்தோட்டம்:
இதை வீட்டுலயே பார்க்க முடியுமா? பையன் ஸ்கூல் ப்ராஜெக்டுக்குக் கேக்கறான்.

கிண்டி ஆய்வகம்:
ஏற்றத்தை நேரா பார்க்க முடியாது அக்கா. ஆனா ராத்திரி இலை காலியாகறதைப் பார்க்கலாம். அவரையில ஒரே அளவுல ரெண்டு முதிர்ந்த இலை எடுத்துக்கங்க, செடியிலேயே இருக்கட்டும். நல்ல வெயில் அடிச்ச நாள் சாயங்காலம் ஒரு இலையோட காம்பை மட்டும், ரெண்டு செ.மீ. நீளத்துக்கு, கொதிக்கிற தண்ணில நனைச்ச பஞ்சால சுத்திச் சுட வைங்க. உயிருள்ள ஃபுளோயம் செத்துடும். தண்ணி ஏத்தற சைலம் ஏற்கனவே செத்த செல்தானே, அதனால தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும். காம்பு தொங்கினா குச்சி கட்டுங்க. இன்னொரு இலையோட காம்பைச் சாதாரணத் தண்ணி நனைச்ச பஞ்சால சுத்துங்க.

விடியறதுக்கு முன்னாடியே ரெண்டையும் பறிச்சுடணும், வெளிச்சம் பட்டா புது ஸ்டார்ச் வந்துடும். தண்ணில ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு, பச்சை போற வரைக்கும் ஸ்பிரிட்ல வெச்சு, கழுவி அயோடின் விடுங்க. சுட்ட காம்பு இலை கருநீலமாவே நிக்கணும், மத்தது வெளிறியிருக்கணும். ஸ்பிரிட்டை நேரா அடுப்புல வைக்கவே கூடாது. அடுப்பை அணைச்சுட்டு, சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள வெச்சுச் சூடாக்கணும், பக்கத்துல பெரியவங்க இருக்கணும்.

நங்கநல்லூர் வேளாண் (ஓய்வு):
ஒரே ஒரு இலையை வைத்து முடிவுக்கு வராதீர்கள் அம்மா. வெவ்வேறு கொடிகளில் நாலைந்து ஜோடியாவது செய்யட்டும். சுட்ட இலை காலைக்குள் வாடியிருந்தால் சைலமும் கெட்டுவிட்டது என்று பொருள், அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.